பவளக்கல் சுவரில் பெயர் எழுதும் முன்

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இராமநாதபுரம் கடற்கரையில் எங்கே சாரம் கட்டி ஏறினாலும் கீழே நின்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: சுவரில் கிறுக்குவது கலையா, நாசவேலையா? கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சென்னைக் கண்ணகி நகரில் அடுக்குமாடிகளின் முழு உயரத்துக்கும் வரைந்திருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் அப்படி வரைந்தால் என்ன என்ற ஆசையோடு வருகிறவர்கள். ஆசை நியாயமானது. ஆனால் கேள்வி படத்திலிருந்து தொடங்குகிறது. நான் சுவரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரே ஓவியம் ஒரு சுவரில் கலையாகவும் இன்னொரு சுவரில் கலையும் நாசமும் சேர்ந்ததாகவும் இருக்க முடியும். அழகாக இருப்பதால் மட்டும் அது சுவருக்குச் செய்யும் கேடு குறைவதில்லை.

தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். 1964 டிசம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள் புயலும் கடலும் அந்த ஊரைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. எஞ்சியவற்றில் முக்கியமானவை தேவாலயத்தின் சுவர்களும் ரயில்வே கட்டடங்களின் சில பகுதிகளும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு கார்களும் பஸ்களும் நேராக வருகின்றன. கூட்டத்தோடு ஆணியும் சாவியும் கரித்துண்டும் வந்துவிட்டன. சுவர்களில் கை எட்டும் உயரத்தில் காதலர் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், தேதிகள். இத்தனை பேர் உயிரைக் கொடுத்த இடத்தில் தன் பெயரைப் பதிக்க ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வேதனையைத் தள்ளி வைத்துவிட்டு, சுவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தேவாலயம் பவளக்கல்லால் கட்டியது. கடலிலிருந்து வெட்டியெடுத்த அந்தக் கல்லின் உள்ளே துளைகள் நிறைந்திருக்கும். இந்தக் கரையின் பழைய வீடுகள், சத்திரங்கள், பள்ளிவாசல்கள் பலவற்றிலும் இதே கல்தான். சங்கும் சிப்பியும் பவளமும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைச் சாந்தாக்கி மேலே காரை பூசியிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. வெளிப்பக்கம்தான் முதலில் இறுகும். அந்த மெல்லிய மேற்பரப்புதான் சுவரின் தோல். ஓர் ஆணிக் கீறல் அந்தத் தோலைக் கிழித்துவிடுகிறது.

கிழிந்த இடத்தில் உப்பு நுழையும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோற்றுப்பு தானாகவே நீராகக் கரையும். அதற்குக் கீழே இறங்கும்போது மறுபடி படிகமாகும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அந்த எல்லையை ஒரே நாளில்கூட ஏறி இறங்கிவிடும். கரைந்த உப்பு உள்ளே போகிறது, உள்ளே படிகமாகிறது, படிகம் வளரும்போது துளைகளின் சுவர்களை நெருக்கி உடைக்கிறது. கொத்தனார்கள் ‘உப்பு பூத்துவிட்டது’ என்பார்கள். பெயர் எழுதியவர் ஊர் திரும்பிவிடுகிறார். அவர் எழுதிய இடம் பொடிந்து குழியாகி, குழி அகன்று, அடுத்த வடகிழக்குப் பருவமழையில் பக்கத்துக் காரையும் பெயர்ந்து விழுகிறது.

விழுந்த கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001ஆம் ஆண்டிலிருந்து பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அது மிகச் சரியான சட்டம். கடலில் பவளத்தைத் தொடவே கூடாது. எனவே நிற்கும் பழைய சுவர்களில் இருக்கும் கல்தான் நம்மிடம் உள்ள கடைசிக் கல்.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு நல்ல மறுப்பைச் சொல்வார்கள். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986 முதல் பல முறை அகழாய்வு செய்திருக்கிறது. பானை ஓடுகளில் கீறிய தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. ஓர் ஓட்டில் கப்பலின் உருவமே கீறியிருந்தது. ‘அந்தக் கீறலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறீர்கள், எங்கள் கீறலுக்கு மட்டும் அபராதமா?’ என்கிறார்கள். நான் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். பானையில் பெயரைக் கீறியவர் தன் பானை என்று காட்டவே கீறினார் என்று கொள்வதுதான் பொருத்தம். தன் பொருளில் தன் பெயர். தேவாலயச் சுவர் கீறுகிறவருடையது அல்ல. இரண்டாயிரம் ஆண்டு கழித்து வரப்போகும் ஆய்வாளருக்காக என்று வாதிட்டாலும், அத்தனை காலம் நிற்க வேண்டிய சுவரை முதலில் உடைப்பது கீறுகிறவர்தானே?

அனுமதி என்பது சில்லறை விஷயம் அல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்சாலை வளாகம் இருந்தது. உரிமையாளர் இசைவு தந்திருந்ததால் உலகெங்கிலுமிருந்து வந்த ஸ்பிரே ஓவியர்கள் அதன் சுவர்களை நிறைத்தார்கள். 2013இல் ஓர் இரவில் உரிமையாளரே எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். ஓவியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்பிரே பெயின்ட் ஓவியத்தைக் கலை என்று ஏற்று, வெள்ளையடித்ததைத்தான் அந்த நீதிமன்றம் குற்றமாகப் பார்த்தது. நம் நாட்டில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். பொது இடச் சுவர்களை உருக்குலைப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய ஆண்டே சுவர்களில் கட்சிப் பெயரோடு ‘முன்பதிவு’ என்று எழுதுகிறவர்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் என் அனுபவத்தில் மிக மோசமான சேதம் அனுமதியோடு வந்தது. கடலோரத்தில் ஒரு பழைய கட்டடம். ஊரை அழகுபடுத்த வேண்டும் என்று நல்ல மனத்தோடு ஒரு குழு வந்தது. வெளிச்சுவர் முழுதும் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எனாமல் பெயின்ட்டில் கடல் ஆமையும் கடற்பசுவும் வரைந்தார்கள். உண்மையிலேயே தேர்ந்த கை. நீரின் அடியில் விழும் ஒளியைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரமும் உப்பும் பெயின்ட்டுக்குப் பின்னால் தேங்கின. இரண்டு மழைக்காலம் போதும்: ஆமையின் முதுகு கொப்பளித்தது, பிறகு தகடு தகடாக, பின்னால் ஒட்டியிருந்த காரையையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. ஓவியமும் போயிற்று, சுவரும் போயிற்று. பள்ளிப் பையன் ஒருவன் ஆணியால் எழுதிய பெயர் ஒரு சாண் இடத்தைக் கெடுக்கும். இது ஒரு முழுச் சுவரைக் கெடுத்தது. அந்த ஓவியர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் ஆற்றாமை.

சுண்ணாம்புச் சுவரில் வரைந்தே தீர வேண்டுமென்றால், அது எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லாத, பழைய ஓவியமோ கல்வெட்டோ அற்ற சுவராக இருந்தால், சுண்ணாம்பிலேயே வரையலாம். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, காவிக்கல், மஞ்சள் காவி, கரி ஆகியவற்றைக் கலந்த நிறங்கள். கோயில் மதிலின் காவிப் பட்டை இதே வழிதான். ஈரம் தடையில்லாமல் வெளியேறும். சில ஆண்டுகளில் மங்கும், மேலே மறுபடி பூசிக்கொள்ளலாம். பளீரென்ற நீலமும் ஊதாவும் கிடைக்காது என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு சிமென்ட் சுவர்கள் ஏராளம்: மீன் ஏலக்கூடங்கள், பள்ளி மதில்கள், தண்ணீர்த் தொட்டிகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுது பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் கரையேறி நிற்கும். படகின் உரிமையாளர்களிடம் பேசி, பாம்பனிலோ மண்டபத்திலோ அந்தப் படகுகளில் வரையச் சொல்லுங்கள். கடலுக்குள் போய் வரும் ஓவியத்தை விடப் பெரிய கண்காட்சி எந்த ஓவியனுக்குக் கிடைக்கும்?

இனி, ஏற்கெனவே கிறுக்கிய சுவர் உங்கள் பொறுப்பில் இருந்தால். அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், அழுத்தமான தண்ணீர் பீச்சி மூன்றும் சுவரின் தோலை உரித்துவிடும். டைல்ஸ் கழுவும் ஆசிட் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதைச் சுவரருகே கொண்டுபோகவே கூடாது. கரியால் எழுதியிருந்தால் தண்ணீர் படாமல் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். ஸ்பிரே பெயின்ட் ஊறுவதற்கு முன் பயிற்சி பெற்றவரை அழைத்துவிட வேண்டும். நாள் போகப்போகத் துளைகளுக்குள் இறங்கிவிடும். ஆணிக் கீறலைச் சிமென்ட்டால் அடைப்பவர்கள் அதிகம். சிமென்ட் பழைய காரையை விடக் கடினமானது, தன் உப்பையும் கூடவே கொண்டுவரும். அடைத்த இடம் நிற்க, அதைச் சுற்றியுள்ள காரை உடையும். நைசான சுண்ணாம்புச் சாந்தால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

கட்டடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் நீங்கள் எதையும் தொடாமல் துறைக்குத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால், சேதத்தை அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, தேதியோடு மனுவில் இணைத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.