பழுதுகாட்டி: ‘செக் எஞ்சின் லைட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

காரில் சாவியைத் திருப்பியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில், குழாய் முளைத்த பெட்டி போல ஒரு சின்னப் படம் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றாலோ, போகும் வழியில் எரிந்தாலோ, ‘செக் எஞ்சின் லைட் வந்துடுச்சு’ என்கிறோம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் ‘செக்’. இது சதுரங்கப் பலகையிலிருந்து வந்த சொல். பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா’ என்று சொல்லி உஷார்ப்படுத்துவார்கள். அந்தச் சொல் அரபு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘செக்’ ஆனது. அரசனுக்கு நெருக்கடி என்பது முதல் பொருள். தடுத்து நிறுத்துதல் பிறகு வந்தது. சரிபார்த்தல் என்ற இன்றைய பொருள் அப்புறம்தான்.

‘எஞ்சின்’ இன்னும் சுவையானது. லத்தீனில் ‘இங்கேனியம்’ என்றால் ஒருவருக்கு இயல்பிலேயே அமைந்த அறிவுத்திறன். பழைய பிரெஞ்சில் அது திறமை, சூழ்ச்சி, போர்க்கருவி என்று விரிந்தது. கோட்டை மதிலைத் தகர்க்கும் கருவிகளைச் செய்தவரே பழைய காலத்து எஞ்சினியர். விலங்கு பிடிக்கும் கண்ணிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லின் குறுக்கமான ‘ஜின்’ உண்டு.

இப்போது நம் ‘பொறி’யை எடுத்துக்கொள்ளுங்கள். எலிப்பொறியில் அது கண்ணி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் காவல் கருவிகளைச் சொல்லும்போது ‘வளைவிற் பொறியும்’ என்று வருகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் கருவி என்று உரை சொல்கிறார்கள். கண்ணி, போர்க்கருவி, இயந்திரம் ஆகிய மூன்று பொருளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களில் ஒரே மாதிரி சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான். எஞ்சினியரிங்கைப் பொறியியல் என்றது அத்தனை பொருத்தம்.

பொறிக்கு வேறு பொருள்களும் உண்டு. தீப்பொறி உண்டு; பெட்ரோல் எஞ்சினுக்குள் அது ஓயாமல் தெறித்துக்கொண்டிருக்கிறது. கண், காது முதலிய ஐம்பொறிகள் உண்டு. காரின் சென்சார்கள் செய்வது அவற்றின் வேலையைத்தான். பலமாக அடிபட்டவர் ‘பொறி கலங்கிப்போச்சு’ என்பார். சென்சார் தப்பாகக் காட்டும்போதும் அப்படியே சொல்லலாம். புலிப்பொறி, கயற்பொறி என்கிறபோது பொறி என்பது முத்திரை, அடையாளம்.

‘எந்திரம்’ வடமொழி ‘யந்திர’த்திலிருந்து வந்ததாயினும் தமிழில் அது புது வரவு அல்ல. புறநானூற்றின் 322ஆம் பாட்டில் கரும்பு ஆட்டும் எந்திரம் இரைகிறது. ஆகவே எந்திரம், பொறி இரண்டுமே நல்ல சொற்கள். பேச்சில் ‘எஞ்சின்’ என்றாலும் குறையில்லை.

சிக்கல், ‘லைட்’டை ‘எச்சரிக்கை விளக்கு’ என்பதில் இருக்கிறது. ‘எச்சரிக்கை’க்குக் கன்னடத்தில் உறவு உண்டு. அங்கே ‘எச்சர’ என்றால் விழிப்பு. அழகான சொல்தான். ஆனால் காரில் உண்மையான எச்சரிக்கைகள் சிவப்பில் வருகின்றன. ஆயில் அழுத்தம் குறைந்தாலும் எஞ்சின் அளவுமீறிச் சூடானாலும் சிவப்பு எரியும். உடனே வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். மஞ்சள் விளக்கின் பிறப்பு வேறு. புகைக்குழாய் வழியே போகும் நச்சுப் புகையைக் கட்டுக்குள் வைக்க ஏற்பட்டது அது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும், பழுதைத் தானே கண்டறிந்து ஒரே மாதிரியான குறியீடுகளாக (கோட்) பதிந்து வைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. அந்த ஏற்பாட்டில் இதற்கு உள்ள முறையான பெயரைத் தமிழாக்கினால் ‘பழுதைக் காட்டும் விளக்கு’ என்றுதான் வரும். நாள்காட்டி, திசைகாட்டி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியவர்கள் நாம். ‘பழுதுகாட்டி’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ‘காட்டி’ என்ற சொல் மனதில் பதிந்திருந்தால் நான் ஒரு சென்சாரை வீணாக மாற்றியிருக்க மாட்டேன். என் காரில் இந்த விளக்கு எரிந்தபோது ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி 0171 என்று வந்தது. கலவையில் எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் மறுபடி எரிந்தது. திரும்பவும் அழித்தார்கள், திரும்பவும் எரிந்தது.

பெரும்பாலான பழுதுகளுக்கு, அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் (எஞ்சினைக் கிளப்பி, ஓட்டி, அணைப்பது ஓர் ஓட்டம்) அதே குறை தென்பட்டால்தான் விளக்கு எரியும். அதனால் குறியீட்டை அழித்ததும் கொஞ்ச காலம் எல்லாம் சரியானது போலத் தோன்றும். அழிக்கும்போது பழுது வந்த நொடியின் வேகம், சூடு முதலிய பதிவுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. அழிக்கும் முன் அவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மெக்கானிக் அந்தச் சென்சாரைத் தொடவே இல்லை. “அது உள்ளதைத்தான் சொல்லுது சார்” என்றார். காற்று உள்ளே போகும் பாதையில் வெள்ளைப் புகையைச் செலுத்தினார். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, காற்றளவைக் கணக்கிடும் சென்சாரைத் தாண்டி ரப்பர் குழாய் வளையும் இடத்தின் அடிப்பக்கத்திலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. விரலால் மடித்துக் காட்டினார், மயிரிழை விரிசல். கணக்கில் வராத காற்று அந்த வழியாக நுழைந்துகொண்டிருந்தது.

விளக்கு சிமிட்டினால் மட்டும் இத்தனை நிதானம் கூடாது. சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்திவிடுங்கள்.

குழாயை மாற்றிய பிறகு, குறியீட்டை அழிக்கவில்லையா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். “வேண்டாம் சார், அதுவா அணையட்டும்” என்றார். அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் பழுது தென்படாவிட்டால் விளக்கைக் காரின் கணினியே அணைத்துவிடும். நான்காம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். மஞ்சள் படம் எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது.