விரல் நுனி வலிக்கலாம், மணிக்கட்டு வலிக்கக் கூடாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். தேவனாம்பட்டினம் பக்கம் வலை பின்னும் கைகள், தையல் மிஷினில் உட்காரும் கைகள், நாள் முழுக்க கீபோர்டு தட்டும் கைகள், இவைதான் எனக்கு வழக்கமாக வருபவை. சில வருஷமாக இந்த வரிசையில் கிட்டார் கைகளும் சேர்ந்திருக்கின்றன, அதுவும் கற்க ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆனவை. வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "கிட்டார்னா கை வலிக்கத்தானே சார் செய்யும்னு விட்டுட்டேன்."

வலிக்கும்தான். ஆனால் எது வலிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இடது கை விரல் நுனி எரியும், கம்பி பதிந்த தடம் சிவந்து நிற்கும். அது பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தோல் காய்த்துவிடும். குளித்துவிட்டு வந்த ஈரத்தோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். கொப்புளம் வந்தால் ஆறும்வரை விட்டுவிடுங்கள். இணையத்தில் பார்த்துவிட்டு நுனியில் பசையைத் தடவிக்கொண்டு வந்த பையனும் உண்டு, அவனுக்கு நான் கொடுத்த வைத்தியம் திட்டு மட்டும்தான்.

மணிக்கட்டு, கட்டைவிரலின் அடிப்பகுதி, முழங்கை, தோள், இங்கெல்லாம் வலித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, குறுகுறுவென்று எறும்பு ஊர்வது போல இருந்தாலோ கதை வேறு. அது பழகிப் போகிற வலி இல்லை. வாசிக்க வாசிக்கக் கூடும்.

போன வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு இன்ஜினீயரிங் முதல் வருஷ மாணவன் வந்தான். எஃப் கார்ட் (ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிக்கும் சுரக்கூட்டு) பிடிபடவில்லை என்ற வெறியில் ஒரு வாரம் தினமும் மூன்று மணி நேரம் அதையே அமுக்கியிருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து விழிப்பு வந்து, உதறினால்தான் சரியாகிறது என்றான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றும்தான். வீட்டில் 'நரம்பு பிசகியிருக்கு' என்று தைலம் போட்டு அழுத்தி நீவியும் விட்டிருக்கிறார்கள். நரம்பு பிசகவெல்லாம் இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சந்து இருக்கிறது, விரலை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் நெருக்கிக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை வளைத்துப் பிடித்தபடி விரலை அழுத்தினால் அந்தச் சந்துக்குள் அழுத்தம் கூடி நரம்பு நசுங்கும், அவ்வளவுதான். அதன் மேலேயே பலமாக நீவினால் இன்னும் மோசமாகும்.

கிட்டாரை எடுத்து வா, எப்படி வாசிக்கிறாய் என்று பார்ப்போம் என்றேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், விரல் எந்த ஃப்ரெட்டில் (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டி) இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். புதிதாகக் கற்கிற எல்லோரும் செய்வதுதான் இது. கிட்டார் சாய்ந்தால் மணிக்கட்டு வளைந்தே தீரும். கட்டிலை விட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலிக்கு மாறச் சொன்னேன், கிட்டாரை இடது தொடையில் வைத்து, காலடியில் ஒரு பலகை போட்டு, நெக் (கிட்டாரின் கழுத்து) கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும்படி. மணிக்கட்டு கிட்டத்தட்ட நேரானது. மூன்று வாரம் வாசிப்புக்கு லீவு, ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, சில பயிற்சிகள். மரத்துப்போவது நின்றுவிட்டது.

அப்புறம் அந்தக் கிட்டார். ஸ்கூல் ஸ்கேலை எடுத்து 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் அளந்தேன், நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது! இரண்டிலிருந்து இரண்டரை இருந்தாலே ஒரு அக்கூஸ்டிக் கிட்டாருக்குத் தாராளம். இதை 'ஆக்‌ஷன்' என்பார்கள். குறைந்த விலைக் கிட்டார்கள் பெரும்பாலும் கடையிலிருந்தே இப்படித்தான் வருகின்றன, நம் கடற்கரை ஈரக்காற்றில் மரம் உப்பினால் இன்னும் ஏறும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சொரசொரப்பாகி விரலை அறுப்பது தனிக் கதை. 12–53 கம்பி செட் (மிக மெல்லிய கம்பியும் மிகத் தடித்த கம்பியும் இன்ச்சில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கனம் என்ற கணக்கு) மாட்டிய கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல், அதோடுதான் நம் விரல் மல்லுக்கட்டுகிறது. நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் சேடிலை, அதாவது கம்பிகளை உடம்புப் பக்கம் தாங்கும் சின்னத் துண்டை, தேய்த்து ஆக்‌ஷனை இறக்கித் தருவார். கம்பியை 10-ல் ஆரம்பிக்கும் மெல்லிய செட்டாக மாற்றலாம். ஒரு பைசா செலவில்லாத வழியும் உண்டு: எல்லாக் கம்பியையும் அரைக் கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி ட்யூன் செய்தால் இழுவை 11 சதவீதம் குறையும். மாஸ்டரோடு சுருதி சேர வேண்டுமானால் முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள். விரலில் பலம் இல்லை என்று தன்னையே நொந்துகொண்டு கிட்டாரைப் பரணில் போட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் கிட்டார்தான் சரியில்லையோ!

நானும் யோக்கியன் இல்லை. நாற்பத்தோரு வயதில் ஆசைப்பட்டு டிரெட்நாட் என்கிற பெரிய உடம்புக் கிட்டார் ஒன்று வாங்கினேன். அதன் உடம்பு அகலம் சுமார் 40 செ.மீ., நானோ குள்ளம். வலது தோளைத் தூக்கித் தூக்கி வாசித்து, முன்கை கிட்டார் விளிம்பில் அழுந்தி, ஊருக்கெல்லாம் தோள்வலி பார்க்கிறவன் எனக்கே ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். சின்ன உடம்புக் கிட்டாருக்கு மாறியதும் போயிற்று.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான் அடுத்த சிக்கல். ஒரு கம்பியில் விரலைச் சும்மா தொட்டு வைத்து, மீட்டிக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். இரைச்சல் நின்று சுரம் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள், அதுக்கு மேல் அமுக்குவது எல்லாம் வீண். ஃப்ரெட்டை ஒட்டி வைத்தால் இன்னும் குறைவாகவே போதும். கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு, கையின் கனத்திலேயே ஒரு கார்ட் பிடித்துப் பாருங்கள், இத்தனை நாள் இடுக்கி போலப் பிடித்திருந்தது உங்களுக்கே புரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வேண்டாம், தினம் பத்து நிமிஷமாக மூன்று தடவை போதும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், பத்து வருஷ சர்க்கரை, பேத்தியோடு சேர்ந்து கற்க ஆரம்பித்தார். நுனியில் உணர்வு குறைந்திருந்ததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை, ரத்தம் கசிந்ததையும் பேத்திதான் பார்த்திருக்கிறாள். போதாததற்கு சுகர் பார்க்க ஊசி குத்துவதும் அதே இடது கை விரல்களில். ஊசியை வலது கைக்கு மாற்றி, கம்பியை நைலான் ஆக்கினோம், வாசித்து முடித்ததும் விரலைக் கண்ணால் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு டக்கென்று விடுபடுகிற தொல்லையும் சர்க்கரைக்காரர்களுக்குக் கூடுதல், அப்படி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கும் மணிக்கட்டு நரம்பு சீக்கிரம் நெருக்கப்படும்.

ராத்திரி மரத்து விழிப்பு வருகிறதா, டம்ளர் கை நழுவுகிறதா, இரண்டு வாரம் நிறுத்தியும் வலி அப்படியே இருக்கிறதா, உடனே யாராவது ஒரு டாக்டரையோ பிசியோவையோ பாருங்கள். போகும்போது கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போங்கள், எக்ஸ்ரேயைவிட அதுதான் எங்களுக்கு அதிகம் சொல்லும்.