மே மாத ஏபி தேர்வு ஆகஸ்டில் கிரெடிட் ஆகுமா?

அமெரிக்காவில் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை முடிக்கும்போதே வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது: பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்துத் தேர்வு எழுதும் ஏபி பாடங்கள் மொத்தம் எத்தனை எடுக்கலாம்? பக்கத்து வீட்டுப் பையன் பத்து எடுத்தானாம், நம்ம பெண் ஆறு போதுமா? ஆலோசனைக்கு வரும் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த எண் ஓரளவு பேசும். ஆனால் கல்லூரிக்குள் போன பிறகு பணமும் நேரமும் மிச்சமாக வேண்டுமென்றால் கேட்க வேண்டியது இது: எந்தக் கல்லூரியின் எந்தத் துறை, எந்த ஸ்கோருக்கு, தன்னுடைய எந்தப் பாடத்தைக் கழித்துக்கொள்ளும்?

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம்தான் ஏபி. 1950களின் நடுவிலிருந்து காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு இதை நடத்தி வருகிறது. இன்று ஏறத்தாழ நாற்பது பாடங்கள் இருக்கின்றன. தேர்வு மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நடக்கும், ஸ்கோர் ஜூலையில் வரும். 1 முதல் 5 வரை ஒரே ஒரு எண். காலேஜ் போர்டின் வேலை அந்த எண்ணோடு முடிந்துவிடுகிறது. கிரெடிட், அதாவது பட்டத்துக்கான பாடக் கணக்கில் சேரும் அலகு, தருவதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை.

கல்லூரிகள் அந்த எண்ணை மூன்று விதமாகப் பயன்படுத்துகின்றன. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் கணக்கில் சேர்ப்பது ஒன்று. கிரெடிட் எதுவும் தராமல் அடுத்த நிலைப் பாடத்தில் நேராக உட்கார வைப்பது இன்னொன்று. எல்லா மாணவருக்கும் பொதுவான ஒரு கட்டாயப் பாடத்திலிருந்து விலக்குத் தருவது மூன்றாவது. “ஏபியை ஏத்துக்குவாங்களா?” என்று கேட்டால் மூன்றுக்கும் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். டார்ட்மத் கல்லூரி 2018இல் பட்டம் பெறவேண்டிய அணியிலிருந்து ஏபிக்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. மேல்நிலைப் பாடத்தில் சேர்க்கவோ ஒரு பாடத்திலிருந்து விலக்குத் தரவோ மட்டும் ஸ்கோரைப் பார்க்கிறது. அங்கே எட்டுத் தேர்வுகளில் 5 வைத்திருந்தாலும் ஒரு பருவக் கட்டணம்கூடக் குறையாது.

அரசுப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. டெக்சாஸில் 2015இல் வந்த சட்டப்படி, அரசுக் கல்லூரிகள் 3 ஸ்கோருக்கே கிரெடிட் தர வேண்டும். அதற்கு மேல் கேட்பதென்றால் சான்றோடு காட்ட வேண்டும். ஃபுளோரிடாவிலும் 3 போதும். எந்தத் தேர்வு எந்தப் பாடத்துக்குச் சமம் என்ற பட்டியலை மாநிலமே வெளியிடுகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பட்டக் கணக்கில் யூனிட் (கிரெடிட்டுக்கு அங்குள்ள பெயர்) ஏறும். ஆனால் உங்கள் மகனின் மேஜருக்கு, அதாவது முதன்மைத் துறைக்கு, வேண்டிய பாடத்தை அது கழிக்குமா என்பதை அந்தந்த வளாகமும் துறையும்தான் சொல்லும். ‘யூனிட் ஏறியது’ என்பதையும் ‘பாடம் கழிந்தது’ என்பதையும் ஒன்றாக நினைத்து ஏமாறும் குடும்பங்கள் நிறைய. மேஜருக்கு உதவாத யூனிட் இருபது இருந்தாலும் படிக்க வேண்டிய பாடங்களின் வரிசை அப்படியே நிற்கும்.

பொறியியலுக்குப் போகிறவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இயற்பியல். ஃபிசிக்ஸ் 1, ஃபிசிக்ஸ் 2 இரண்டும் அல்ஜீப்ராவோடு நிற்பவை. பொறியியல் துறைகள் கேட்பது கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல். அதற்கு இணையானது ஃபிசிக்ஸ் சி. அதிலும் மெக்கானிக்ஸ் தனித் தேர்வு, மின்காந்தவியல் தனித் தேர்வு. ஃபிசிக்ஸ் 1இல் 5 வாங்கிவிட்டு, முதலாண்டில் அதே நியூட்டன் விதிகளை கால்குலஸோடு திரும்பப் படிக்கும் மாணவர்கள் பலர். ஃபிசிக்ஸ் 1 வீண் என்று இதற்குப் பொருளல்ல. சி எடுக்க அது நல்ல படிக்கட்டு. கிரெடிட்டை எதிர்பார்த்து அதை எடுப்பதுதான் தவறு.

கணிதத்தில் இரண்டு கால்குலஸ் தேர்வுகள். ஒன்றின் பெயரைத் தமிழில் எழுதினால் அதுவும் ‘ஏபி’ என்றே வருவதால், இங்கே அதைச் சிறிய கால்குலஸ் என்றும் மற்றதான பிசியைப் பெரிய கால்குலஸ் என்றும் சொல்கிறோம். சிறியது பெரும்பாலும் கல்லூரியின் முதல் செமஸ்டர் கால்குலஸுக்குச் சமம், பெரியது இரண்டு செமஸ்டருக்கு. பெரியதை எழுதினால் சிறியதற்கான துணை ஸ்கோரும் அறிக்கையில் தனியாக வரும். மொத்தத்தில் 3 வந்து துணை ஸ்கோர் 4 இருந்தால், சில கல்லூரிகள் முதல் செமஸ்டரையாவது கழிக்கும். பலர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. இரண்டையும் எழுதினால் இரட்டைக் கிரெடிட் கிடைக்காது. எம்ஐடியில் பெரியதில் 5 எடுத்தால் முதல் கால்குலஸ் பாடம் கழியும். சிறியதற்கு எதுவும் இல்லை.

மருத்துவம் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. இளங்கலைக் கல்லூரி உயிரியலுக்கும் வேதியியலுக்கும் கிரெடிட் கொடுத்துவிடலாம். ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் பல, இந்தப் பாடங்களை ஆய்வகத்தோடு கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. ஏபியை வைத்து அடிப்படைப் பாடத்தைத் தாண்டினால், அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை எடுத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். எங்கள் கருத்தில், ப்ரீமெட் மாணவர்கள் வரலாறு, ஆங்கிலம், புள்ளியியல், உளவியல் போன்றவற்றில் கிரெடிட்டைத் தேடுவது பாதுகாப்பு.

மொழித் தேர்வுகளின் பட்டியலில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம், ஜப்பானியம், லத்தீன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததை இந்த வழியில் கிரெடிட் ஆக்க முடியாது.

பணக் கணக்குக்கு வருவோம். பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், செமஸ்டருக்கு 15. ஆறு கிரெடிட் கையில் இருந்தால் அவ்வளவு கட்டணம் மிச்சம் என்று பெருக்கிப் பார்க்கிறோம். ஆனால் பல கல்லூரிகளில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். செமஸ்டருக்கு 15க்குப் பதில் 12 எடுத்தால் ஒரு டாலரும் குறையாது. ஒரு முழுச் செமஸ்டரையே கழித்தால்தான் பணம் மிஞ்சும். அதற்கு 15 கிரெடிட் மட்டும் போதாது, மேஜரின் பாடச் சங்கிலியும் ஒரு கண்ணி சுருங்க வேண்டும். பொறியியலில் அந்தச் சங்கிலி கால்குலஸில் தொடங்குவதால், பெரிய கால்குலஸ் ஒன்று, சம்பந்தமில்லாத நான்கு பாடங்களைவிட அதிகம் உதவும். பணம் மிஞ்சாவிட்டாலும் ஒரு பலன் உண்டு: நெருக்கடியான செமஸ்டரில் சுமையைக் குறைக்கலாம், இரண்டாவது மேஜருக்கு இடம் கிடைக்கும். அதை மனத்தில் வைத்து எடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

பதிவுக்கு பெற்றோர் நேரடியாகப் பணம் கட்டினால் போதும் என்பதில்லை. ஆசிரியர் தரும் சேர்க்கைக் குறியீட்டை மாணவர் தன் காலேஜ் போர்டு கணக்கில் இட்டு வகுப்பில் சேர வேண்டும். அதன் பிறகு பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளர்தான் தேர்வுக்கு ஆர்டர் போடுவார். கெடு நவம்பர் நடுவில் முடிகிறது. பள்ளிகள் தங்கள் கெடுவை அதற்கும் முன்பே வைக்கும். 2025 மே தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 99 டாலர், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே 129. கெடு தாண்டினால் 40 டாலர் கூடும். பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டாலும் 40 டாலர் போகும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வகுப்பில் படிக்காமல் தானாகப் படித்தும் எழுதலாம். உங்கள் பள்ளியில் அந்தத் தேர்வு நடக்காவிட்டால் அக்கம்பக்கப் பள்ளிகளை செப்டம்பரிலேயே அழைத்து இடம் கேளுங்கள். பிப்ரவரியில் கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

நம் பிள்ளைகளுக்கென்றே வரும் ஒரு சிக்கல் பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, பிள்ளையின் பெயர் கடைசிப் பெயராகிவிடும். பள்ளியிலோ அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்திருப்பார்கள். காலேஜ் போர்டு கணக்கில் பிள்ளை தன் பெயரோடு இனிஷியலைப் போட்டிருக்கும். கல்லூரி விண்ணப்பத்தில் நான்காவதாக ஒரு வடிவம். கல்லூரிக் கணினி பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் ஸ்கோரை மாணவரோடு பொருத்துகிறது. பொருந்தாவிட்டால் ஸ்கோர் வந்தும் கோப்பில் ஏறாமல் கிடக்கும். பத்தாம் வகுப்பில் காலேஜ் போர்டின் பிஎஸ்ஏடி தேர்வுக்கு ஒரு கணக்கும் பிறகு ஏபிக்கு வேறு மின்னஞ்சலில் இன்னொரு கணக்கும் தொடங்குவது இதே வினையைத் தரும். ஒரே கணக்கு, விண்ணப்பத்தில் வரப்போகிற அதே எழுத்துக் கூட்டல். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே உறுதி செய்யுங்கள்.

தேர்வு அறைக்குள் மதிப்பெண் எங்கே சிந்துகிறது என்பதற்குச் சிறிய கால்குலஸை எடுத்துக்கொள்வோம். கொள்குறி வினா 45, நேரம் 1 மணி 45 நிமிடம். விரிவான விடை வினா ஆறு, ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் சமமான எடை. தவறான விடைக்குக் கழிப்பது 2011இலேயே போய்விட்டது, ஆகவே கொள்குறியில் எதையும் காலியாக விடக் கூடாது. விரிவான விடையில் கால்குலேட்டர் அனுமதிக்கும் முதல் இரண்டு கேள்விகளில் தசம விடை, தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் சரியாக இருக்க வேண்டும். விடை 4 பை என்றால் 12.566 சரி, 12.57 என்று முழுமையாக்கினால் அந்த மதிப்பெண் புள்ளி போயிற்று. கால்குலேட்டர் இல்லாத நான்கு கேள்விகளில் நிலைமை நேர் எதிர்: விடையைச் சுருக்கவே தேவையில்லை. பின்னங்களைக் கூட்டாமல் அப்படியே விட்டாலும் புள்ளி உண்டு. நம் பிள்ளைகள் பழக்கத்தால் கூட்டப் போய், கூட்டலில் பிழை விட்டு, கைக்கு வந்ததை இழக்கிறார்கள்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளை இரு பக்கமாகப் பிரித்து எழுதுவது முதல் படி. பிரிக்காமல் தொகையிட்டால் அந்தப் பகுதிக்கே பூஜ்ஜியம். தொகையிட்ட கையோடு மாறிலியை எழுத மறந்தால், அதன் பிறகு வரும் புள்ளிகள் எல்லாம் அடைபட்டுவிடும். இன்னொன்று மொழி சார்ந்தது. சார்பும் அதன் வகைக்கெழுவும் இருக்கும் கேள்வியில் ‘அது கூடுகிறது’ என்று மொட்டையாக எழுதினால், எது கூடுகிறது என்பதை ஊகித்துப் புள்ளி தரமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் சார்பின் பெயரைச் சொல்லியே எழுதப் பழக்குங்கள்.

2025 மே முதல் பெரும்பாலான தேர்வுகள் காலேஜ் போர்டின் புளூபுக் என்ற தேர்வுச் செயலிக்கு மாறிவிட்டன. சில பாடங்கள் முழுக்கத் திரையில். கணிதம், இயற்பியல் போன்றவற்றில் கேள்வி திரையில் வரும், விரிவான விடையைத் தாளில் எழுத வேண்டும். செயலியை முன்கூட்டியே நிறுவி, தேர்வுக்கான தயார்நிலைப் படிகளை முடித்து, முழுச் சார்ஜோடு போக வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபிள்ஸ் எடுப்பவர்கள் ஏப்ரல் 30ஐ நாட்காட்டியில் வட்டமிடுங்கள். ஸ்கோரில் 30 விழுக்காடு தாங்கும் செயல்திட்டத்துக்கு அன்றுதான் கெடு. கோப்பைப் பதிவேற்றினால் வேலை முடிந்துவிடாது, இறுதிச் சமர்ப்பிப்பு பொத்தானையும் அழுத்த வேண்டும். வரைவு நிலையில் விட்டதை யாரும் திருத்தமாட்டார்கள்.

தேர்வு முடிந்த பிறகு இரண்டு தேதிகள். ஸ்கோரை ரத்து செய்யவோ ஒரு கல்லூரிக்குப் போகாமல் நிறுத்தவோ நினைத்தால் ஜூன் 15. ஒரு கல்லூரிக்கு இலவசமாக ஸ்கோர் அனுப்ப ஜூன் 20. அதைத் தவறவிட்டால் ஒவ்வோர் அறிக்கைக்கும் கட்டணம். பன்னிரண்டாம் வகுப்பில் அந்த இலவச வாய்ப்பைச் சேரப்போகிற கல்லூரிக்குக் கொடுங்கள். நிறுத்தி வைத்தவை தவிர முந்தைய ஆண்டு ஸ்கோர்களும் அதோடு சேர்ந்தே போகும்.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. பல கல்லூரிகளில் புதுமுக அறிமுகமும் பாடப் பதிவும் ஜூனிலேயே முடிந்துவிடும், ஸ்கோரோ ஜூலையில் வரும். எழுதியிருக்கிற தேர்வுகளின் பட்டியலை மாணவர் கையோடு கொண்டுபோய்க் கல்வி ஆலோசகரிடம் காட்டி, எதிர்பார்க்கும் ஸ்கோரைச் சொல்லி, இரண்டு விதமாகவும் கால அட்டவணை கேட்க வேண்டும். ஜூலை இறுதியில் கல்லூரித் தளத்தில், பட்டத்துக்கு எந்தப் பாடம் முடிந்தது, எது மீதி என்று காட்டும் பட்டத் தணிக்கை அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு தேர்வும் எந்தப் பாட எண்ணாக ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் ‘விருப்பப் பாடம்’ என்று ஏறியிருந்தால், பாடத்திட்டப் பிரதியோடு துறைக்கு எழுதிக் கேட்கலாம். அதற்குள் அதே பாடத்தில் பிள்ளை பெயர் பதிந்திருந்தால், பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் கல்லூரி தரும் கெடு முடிவதற்குள் விலகச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் திரும்பப் படித்தால் ஏபி கிரெடிட்டை எடுத்துவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரிக்கு மாறினால் பழைய கல்லூரி தந்த கிரெடிட் தானாகக் கூடவே வராது. காலேஜ் போர்டிலிருந்து ஸ்கோரைப் புதிதாக அனுப்பி, அந்தக் கல்லூரியின் அட்டவணையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.