இகுவானா ஓடினால் நமக்கு ஏன் படபடக்கிறது?

பிபிசியின் 'பிளானட் எர்த் 2' தொடரில் (2016) இகுவானாக் குஞ்சைப் பாம்புகள் துரத்தும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு படபடக்கிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காலாபகோஸின் பெர்னாண்டினா தீவில் எடுத்தது அது. பாம்புகள் சுற்றி வளைத்த பிறகும் குஞ்சு உருவிக்கொண்டு ஓடும். படபடக்க இதுவே போதாதா? போதாது. இத்தகைய காட்சிகளை நீண்ட லென்ஸ் வைத்துத் தள்ளி நின்றுதான் எடுப்பார்கள். படம் கிடைக்கும், சரசரப்பு கிடைக்காது. அதை ஸ்டுடியோவில் சேர்ப்பது வழக்கம். அதற்கு மேல் இசை. சூட்சுமம் அங்கேதான். அச்சமூட்டும் இசை, உயிர்பயத்தில் அலறும் குரலைப் போலக் கரகரக்கும். அந்தக் குரல் எப்படிப் பிறக்கிறது?

குரல்நாண்கள் அதிர்ந்துதான் குரல் பிறக்கிறது என்பது பள்ளிப்பாடம். சாதாரணமாக இரண்டு நாண்களும் சேர்ந்தே அதிரும். அடிப்படை அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் என்றால் 400, 600 என அதன் மடங்குகளும் கூட வரும். உயிர்பயத்தில் நுரையீரல் காற்றை முழுவேகத்தில் தள்ளும்போது நாண்கள் தாளம் தப்பும். நடுநடுவே 100, 300 என்று புதிய அதிர்வெண்கள் முளைக்கும். சுருதி சட்டென்று தாவும். கடைசியில் வெறும் இரைச்சல். திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை எல்லை மீறி அலறவிட்டால் கரகரக்குமே, அதே கதைதான்.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் மார்மட் என்ற குண்டு அணிலை ஆராயும் டேனியல் பிளம்ஸ்டீன், அதன் எச்சரிக்கைக் குரலில் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து ஒலிக்கவிட்டார். கேட்ட மார்மட்கள் மேய்ச்சலைக் குறைத்துக்கொண்டன. அப்புறம், 2010-ல் அவரது குழு 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களை அலசியது. திகில் படங்களில் இரைச்சல் கலந்த அலறல்கள் மிகுந்திருந்தன. வயலின் கம்பியில் வில்லை அழுத்தித் தேய்த்து அதே கரகரப்பைக் கொண்டுவரும் இசைக்கலைஞர் மார்மட்டைப் பார்த்திருக்கவே மாட்டார்; காது சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான்.

அணில் கத்துவதைப் பதிவு செய்ய எதற்குப் பணம் என்று நிதி ஒதுக்கும் குழுவில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அந்த அணில்களை 1962 முதல் விடாமல் கவனித்து வருகிறார்கள். நம்மிடம் மூன்றாண்டுத் திட்டம் முடிந்தால் ஃபைலையும் மூடிவிடுகிறோம்.

சரி, இசை பார்வையாளரின் கருத்தையே மாற்றுமா? 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், சுறாக்கள் நீந்தும் ஒரே 60 நொடிப் படத்தைச் சிலருக்கு அச்சமூட்டும் இசையோடும், சிலருக்கு உற்சாக இசையோடும், மற்றவர்களுக்கு ஒலியின்றியும் காட்டினார்கள். அச்ச இசை கேட்டவர்கள்தான் சுறாவைப் பற்றி மோசமாக மதிப்பிட்டார்கள். படமில்லாமல் ஒலியை மட்டும் கேட்டவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. சும்மா நீந்திய சுறாவின் மேல்தான் பழி விழுந்தது.