தூசியை மட்டும் தனியா போட்டோ எடுக்கறது எப்படி

பழைய கலர் ஸ்லைடு (அட்டை சட்டத்துல மாட்டி புரொஜெக்டர்ல போட்டு பார்க்கற பிலிம் துண்டு) ரெண்டாயிரம் கிடக்கு, ஸ்கேன் பண்ணலாம்னு இருக்கேன், ஸ்கேனர்ல இன்ஃப்ராரெட்னு (சிவப்புக்கு அப்பால இருக்கற, கண்ணுக்கு தெரியாத ஒளி) ஒரு ஆப்ஷன் இருக்கே, அது எதுக்கு, அந்த சூட்டுல பிலிம் வெந்துடாதானு ஒரு பிரண்டு கேட்டாரு. வேகாது சாமி. புரொஜெக்டர்ல 250, 300 வாட் பல்பு முன்னாடி நின்னு பழகின பிலிம் அது, ஸ்கேனரோட குட்டி எல்இடி அதை என்ன பண்ணிடும்.

கணக்கை மொதல்ல முடிச்சிடறேன். ஸ்லைடுல படம் 24க்கு 36 மில்லிமீட்டர், 4000 டிபிஐல (அங்குலத்துக்கு 4000 புள்ளி) எடுத்தா சுமார் 21 மெகாபிக்சல், அது தாராளம். ஒன்னுக்கு மூனு நிமிஷம்னாலே 2000க்கு 100 மணி நேரம் ஆயிடும். அதைவிட உயிரை வாங்கறது தூசி. இந்த அளவுல ஒரு பிக்சல்ங்கறது பிலிம் மேல 6 மைக்ரான் சொச்சம் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), தலைமுடி சுமார் 70 மைக்ரான், அப்போ ஒத்த முடி விழுந்திருந்தாக்கூட பதினோரு பிக்சல் தடிமன்ல வானத்துக்கு குறுக்கே கயிறு மாதிரி கிடக்கும். ப்ளோயர்ல நல்லா ஊதிட்டுதான் உள்ள வைக்கணும், ஊதினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும்.

இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச சமாச்சாரம் வருது. கலர் ஸ்லைடுல படம் மொதல்ல விழறது வெள்ளி உப்புலதான், ஆனா கழுவி முடிக்கறதுக்குள்ள அந்த வெள்ளி மொத்தத்தையும் பிளீச் பண்ணி கரைச்சு எடுத்துடறாங்க, மிஞ்சறது சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள்னு மூனே மூனு சாயம். சயான் சிவப்பை தின்னும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. இன்ஃப்ராரெட்டை பெருசா யாரும் தின்னல! நடுராத்திரி இருட்டுல எடுத்த படமா இருந்தாலும் இன்ஃப்ராரெட்டுக்கு அது தொடச்சு வச்ச கண்ணாடி ஜன்னல்தான். ஆனா தூசியும் கீறலும் எந்த ஒளியையும் மறிக்கும். அதனால ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலம் எடுத்துட்டு நாலாவதா இன்ஃப்ராரெட்ல ஒரு படம் எடுக்குது பாருங்க, அதுல முகம், மரம், கடல் எல்லாம் காணாம போயி வெள்ளை வெளேர்னு ஒரு பரப்புல தூசியும் கீறலும் மட்டும் கறுப்பா நிக்கும். முதல்தடவை பார்த்தப்போ வாயைப் பொளந்துட்டேன்.

அதுக்கப்புறம் வகுத்தல் கணக்குதான். லேசான கீறல் இன்ஃப்ராரெட்ல முப்பது சதவீதத்தை மறிச்சிருந்தா மத்த நிறத்துலயும் ஏறக்குறைய அவ்வளவே மறிச்சிருக்கும், மிஞ்சி வந்த 70 சதவீதத்தை 0.7ஆல வகுத்தா அடியில இருந்த படம் திரும்ப கிடைச்சிடும், அது நிஜமாவே பிலிம்ல இருந்த தகவல். முழுசா மறைச்ச இடத்துக்கு மட்டும் பக்கத்து பிக்சலை பார்த்து ஒப்பேத்தணும். இப்போ ஏஐல போட்டு சுத்தம் பண்றவங்க கிட்ட எனக்கு இருக்கற கோவமே இதான், அது எது தூசினே ஊகிக்குது, தாத்தா கன்னத்து மச்சத்தையும் சேர்த்து தொடச்சிட்டு பளபளன்னு கொடுக்குது.

ஒரு எச்சரிக்கை. வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிம்ல படமே வெள்ளித் துகள்தான், அது இன்ஃப்ராரெட்டை மறிக்கும், ஸ்கேனர் மொத்த படத்தையும் தூசினு நினைச்சு குதறிடும். 1935ல வந்து 2009ல நிறுத்தின கோடாக்ரோம்ங்கற கோடாக் கம்பெனி கலர் பிலிம்லயும் வில்லங்கம் உண்டு, அதோட சயான் சாயம் இன்ஃப்ராரெட்டை கொஞ்சம் தின்னும், அதனால கரும் பகுதியோட ஓரங்கள் அங்கங்க இழுபடும். ஸ்லைடோட அட்டையில கோடாக்ரோம்னு அச்சடிச்சிருந்தா அதையெல்லாம் தனியா பிரிச்சு வச்சு, ஒன்னை மட்டும் இன்ஃப்ராரெட் போட்டும் போடாமலும் ரெண்டு தடவை எடுத்து, கண்ணு இமை ஓரமா பெருசாக்கி பாருங்க, பிசிறு தெரிஞ்சா அந்த கட்டுக்கு மட்டும் ஆப்ஷனை அணைச்சிட்டு கையாலதான் தொடைக்கணும்.