துவக்கின் ஊசிக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம்

"டிக் என்றது, வெடிக்கவில்லை. தோட்டா பழசுபோல." என்னிடம் துவக்கைத் திருத்தக் கொண்டுவரும் பலரும் இப்படித்தான் தொடங்குவார்கள்.

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஐயா தன் அப்பா காலத்து போல்ட் ரைபிளோடு வந்தார். அனுமதிப்பத்திரம் ஒழுங்காக இருந்தது. கொழும்பில் விசையை இழுத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லையாம். நுவரெலியாப் பக்கம் கொண்டுபோனால், விடியற்காலையில் பன்றி முன்னால் நிற்கும்போதுதான் காலை வாருமாம். வெடிக்காத தோட்டாவைக் காட்டினார். அடியில் உள்ள, இடிபட்டால் தீப்பொறி தரும் கேப்பில், விசையை இழுத்ததும் பாய்ந்து குத்தும் ஊசி பட்ட தடம் பெயருக்கு ஒரு புள்ளி.

தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, அதற்குள் இருந்த ஊசியை உருவினேன். சமையலறை வாசம்!

"என்ன எண்ணெய் போடுறீங்க ஐயா?"

"தேங்காயெண்ணெய்தான். வீட்டில இருக்குத்தானே."

தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். கொழும்பு வெக்கையில் அது தண்ணீராக ஓடும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாக் குளிரில் மெழுகாகிவிடும். ஊசியைத் தள்ளுவது ஒரு ஸ்பிரிங்தான். ஊசி விரைந்துபோய் கேப்பை நசுக்கினால்தான் உள்ளே மருந்து பற்றும். மெழுகுக்குள் நீந்திப் போனால் டிக் மட்டும்தான்.

தடம் ஆழமாக, உருண்டையாக இருந்தும் வெடிக்காவிட்டால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். மேலோட்டமாக இருந்தால் அழுக்கு, பழைய கிரீஸ், களைத்த ஸ்பிரிங், தேய்ந்த ஊசி. என் அனுபவத்தில் அழுக்குத்தான் முதல் குற்றவாளி. துவக்கில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, ஊசியையும் ஸ்பிரிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் விட்டுத் துடைத்தால் போதும். கழற்றத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஊசி கூராக இருந்தால் நல்லதென்று அரத்தால் ராவிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கும்பிடுகிறேன், வேண்டாம். நுனி வழுவழுப்பான அரை உருண்டையாகத்தான் இருக்கவேண்டும். கூரான ஊசி கேப்பைத் துளைத்துவிடும், சூடான வாயு சுடுகிறவரின் முகத்துக்குத்தான் திரும்பும். அப்புறம் .22 துவக்கு: தோட்டா போடாமல் அதன் விசையை வெறுமனே இழுத்துப் பார்த்தால் பல மாடல்களில் ஊசி குழலின் விளிம்பில் மோதி இரண்டும் கெடும்.

டிக் என்றதும் போல்ட்டைத் திறக்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிய பயம். மருந்து சில சமயம் தாமதித்துப் பற்றும். குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி அசையாமல் நில்லுங்கள். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறவுங்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் துவக்கைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு கறள் பிடிக்கும். அந்த ஐயாவின் உறையைப் புரட்டிப் பார்த்தேன். உட்பக்கம் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம்.