மாதம் 1,000 ரூபாய்: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் யாருக்கு, எப்படி, எங்கே சிக்குகிறது?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவி கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக், ஐடிஐ என எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். இதுதான் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டம். அரசாணையில் இதன் பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கு இதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளும் 2024 டிசம்பர் 30 முதல் சேர்க்கப்பட்டார்கள்.

அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். அதன் கடைசி வடிவில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ முடித்திருந்தால் 50,000 ரூபாய், இரண்டு பிரிவுக்கும் தாலிக்கு 8 கிராம் தங்கம். படிக்க வைக்கும் நோக்கம் அதிலும் உண்டு. ஆனால் பணம் வந்தது கல்யாணத்தின்போது. படிப்பு அறுபடுவதோ அதற்கு வெகு முன்பே, இரண்டாம் செமஸ்டரிலேயே: தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, மதியச் சாப்பாடு, போன் ரீசார்ஜ். கல்விக் கட்டணமே இல்லாத அரசுக் கல்லூரியிலும் இந்தச் செலவுகளுக்கு விலக்கு இல்லை. அந்த ஓட்டையைத்தான் இந்த ஆயிரம் அடைக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 36,000, நான்காண்டுப் பொறியியலுக்கு 48,000 ரூபாய் ஆகிறது.

இதை வெறும் உதவித்தொகையாகப் பார்க்கக் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும். வேலைக்கு வரும் இளைஞர் எண்ணிக்கை இனிப் பெருகாது. ஆகவே பொருளாதாரம் வளர ஒவ்வொருவரின் திறனும் கூட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று 2019-20 தொழில்துறை ஆய்வு காட்டுகிறது. அவர்களில் ஒருத்தி லைனில் ஆபரேட்டராகவே நின்றுவிடுவாளா, தரப் பரிசோதனைக்கும் இயந்திரப் பராமரிப்புக்கும் மேற்பார்வைக்கும் உயர்வாளா என்பதை ஒரு டிப்ளமோ தீர்மானிக்கிறது. கூலியும் உற்பத்தியும் அங்கேதான் கூடுகின்றன. 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். சேர்வது ஒரு பாதி, முடிப்பதுதான் மறுபாதி.

தகுதிக்கு வருவோம். சாதியோ வருமான வரம்போ கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். ஒரே வீட்டில் எத்தனை பேர் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரும் தகுதியானவர். பத்தாம் வகுப்போடு ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தவரும் அப்படியே. தொலைதூரக் கல்விக்கும் முதுகலைக்கும் இல்லை. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும்.

விண்ணப்பம் படிக்கும் கல்லூரி வழியாகத்தான். இதற்கென ஒரு நோடல் அலுவலர் இருப்பார். சேர்க்கை முடிந்ததும் அவரைப் பாருங்கள். ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், மாணவியின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, பள்ளியில் தந்த எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்கு உள்ள எண்) ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் எங்கே படித்தார் என்பதை எமிஸ் பதிவை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நடுவில் பள்ளி மாறியபோது பதிவு விடுபட்டிருந்தால் கல்லூரியால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம்தான் போக வேண்டும். ஆதாரில் "கவிதா செல்வம்", சான்றிதழில் "செ. கவிதா" என்றிருந்தாலும் சரிபார்ப்பு தடுக்கலாம். சேர்க்கைக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

பெரும்பாலான குழப்பம் வங்கியில் நடப்பது. பாஸ்புக்கில் ஆதார் எண் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு மட்டுமே. அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கு ஆதாரோடு "சீடிங்" ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் போய்ச் சேர வேண்டிய கணக்காக ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு சமயத்தில் ஒரு கணக்குதான் சீடிங் ஆகும். கடைசியாகச் செய்த கணக்குக்கே பணம் போகும். பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்த தபால் வங்கிக் கணக்கோ, சிம் வாங்கும்போது திறக்கப்பட்ட பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கோ அப்படி இருந்தால் பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டில் வரவில்லை என்று அலைவார்கள். மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள். எந்த வங்கி, நடப்பில் உள்ளதா என்று காட்டும். வேறு வங்கி என்றால், வேண்டிய வங்கியில் சீடிங் படிவம் எழுதிக் கொடுத்து, சில நாள் கழித்துத் திரும்பவும் பாருங்கள். பழைய மைனர் கணக்கென்றால், 18 வயது நிறைந்ததும் கேஒய்சி புதுப்பித்து சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் அது முடங்கிக் கிடக்கலாம்.

இடையில் பணம் நின்றால் முதலில் நோடல் அலுவலரிடம் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் விண்ணப்பத்தின் நிலை என்ன என்று கேளுங்கள். கல்லூரி மாறியிருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்ப நகல், பாஸ்புக் முதல் பக்கம், சீடிங் நிலைக் காட்சியின் அச்சு மூன்றையும் இணைத்து மனுக் கொடுங்கள்.